பன்னிரண்டு மணி வால்வு

வியர்க்காத உடம்போடு வெட்டவெளியில் ஒரு பகல் முழுக்க நிற்க உங்களால் முடியுமா? பறவைக்கு வியர்க்காது. வலசை வரும் உள்ளான் என்ற நீர்ப்பறவைக்குச் சூட்டைச் சமாளிக்கக் காலும் வாயும்தான் வழி. குளிரில் ஒரு காலை இறகுக்குள் இழுத்துச் சூட்டைக் காக்கும். வெயிலில் இரண்டு காலையும் தண்ணீரில் ஊன்றிச் சூட்டை இறக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்தேன். எங்கள் நகராட்சிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வால்வு ஆபரேட்டர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர். மனைவி போய் ஒன்பது வருடம். மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் நான்கு நிமிடம் பேசுவாள். வால்வு அறையில் இரண்டு டம்ளர். ஒன்றுக்கு வேலையே இல்லை. பேச ஆளில்லாத பகல்களில், சுத்திகரித்த தண்ணீர் தேங்கும் கடைசிக் குட்டையில் எத்தனை உள்ளான் ஒற்றைக்காலில் நிற்கிறது, எத்தனை இரண்டு காலில் என்று ஷிப்ட் நோட்டின் ஓரத்தில் எழுதிவந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'கொக்கு டாக்டர்'.

முன்பெல்லாம் பத்து மணி வரை பாதிப் பறவைகள் ஒற்றைக்காலில் நிற்கும். இந்த வருடம் எட்டுக்கே எல்லாம் இரண்டு காலையும் ஊன்றின. அலகைப் பிளந்து மூச்சிரைத்தன. அந்தக் குட்டையைத்தான் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து பக்கத்துத் தொழிற்சாலைப் புல்வெளிக்குத் தண்ணீர் விடப் புது உத்தரவு. மிஞ்சுவது கொதிக்கும் சேறு. பறந்து போகலாமே என்பீர்கள். அடுத்த நீர்நிலை முப்பது கிலோமீட்டர். பறப்பதே உடம்பைச் சுடவைக்கும் வேலை. மூன்று நாளில் பதினேழு செத்தன.

ஆபரேட்டர் நிலையத்து இன்ஜினியரிடம் போனார்.

"சார், சாயங்காலம் அஞ்சுக்குத் திறக்கட்டுமா? அதே தண்ணிதான் போகும், விடியறதுக்குள்ள குட்டையும் நெறஞ்சிடும்."

"என்ன டாக்டரே, பேஷன்ட்டுங்க மனு குடுத்திருக்காங்களா?"

"வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது சார். அதுதான் மனு."

"புல்லு வாடினா என் தலைதான் உருளும். போய் வேலையைப் பாருங்க."

செத்த பறவைகள் பற்றிய அறிக்கையில் அதிகாரிகள் 'நோய்' என்று எழுதினார்கள். ஒரு பறவையைக்கூட அறுத்துப் பார்க்கவில்லை. சாபம் என்று சொல்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோமே, இது மட்டும் என்னவாம்? படித்தவன் போடும் மந்திரம்!

நான்காம் நாள் அவர் ஐந்து மணிக்குத்தான் திறந்தார். புல் வாடவில்லை. பறவை ஒன்றும் சாகவில்லை. மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மகளிடம்கூடச் சொல்லாமல் வாடகை அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

"என் வேலை கெடக்கட்டும்ங்க," என்றார் என்னிடம். "இப்ப அதுங்களை யாரு பாக்குறா?"

வால்வு மறுபடியும் பன்னிரண்டுக்குத் திறக்கிறது. நகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு வரி போதும்: மாலை ஐந்துக்குத் திறந்துவிடுங்கள், அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். இன்றே எழுதுங்கள், வெயில் ஏறுகிறது.