புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை

போன மாதம் ஒரு விளம்பரம் எழுதினேன். எட்டே வரி. இத்தனை வருடமாக வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்... இவ்வளவு சீக்கிரம் பலன் கொடுத்த எழுத்து என் கையிலிருந்து வந்ததே இல்லை. மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டான்.

வாங்க அல்ல. உருவிக்கொண்டு போக.

எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறார்கள் செல்வராஜும் அவர் மனைவி மல்லிகாவும். செல்வராஜ் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். கல்யாண ரிசப்ஷன், மாரியம்மன் நோம்பி, காலேஜ் ஆண்டு விழா என்று மேட்டுப்பாளையத்திலிருந்து பொள்ளாச்சி வரை அவர் வாசிக்காத மேடை குறைவு. வயது நாற்பத்து நாலு. மல்லிகா வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். இரண்டு பேரும் வாடகைக்கு இருப்பவர்கள் என்பது எனக்கே பல சமயம் மறந்துவிடும்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி. மாடியில் மல்லிகா அலறிய சத்தம் கேட்டு ஓடினேன். செல்வராஜ் தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மல்லிகா செருப்புக்கூடப் போடவில்லை. எதிர் வீட்டு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பக்கவாதம். “உடனே கொண்டுவந்தீங்க, அதனால பொழச்சாரு. இன்னும் ஒரு மணி நேரம் தள்ளியிருந்தா சொல்ல முடியாதுங்க” என்றார் டாக்டர்.

பிழைத்தார். நடக்கிறார். பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை.

கீபோர்டுக்காரனுக்கு வலது கை என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டுமா?

முதல் ஆறு மாதம்தான் முக்கியம், விடாமல் பிசியோதெரபி செய்தால் விரல்கள் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சென்டர். வாரத்தில் ஐந்து நாள் பஸ் பிடித்துப் போய்வந்தார்கள். நாலாவது மாதம் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் லேசாக அசைந்தன. அன்றைக்கு மல்லிகா எனக்கு மைசூர்பாக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வாரமே கீபோர்டை விற்கலாம் என்றும் சொன்னாள். சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணம் இன்னும் இரண்டு மாதத்துக்குக் காணாது.

நான் பதறினேன். செல்வராஜ் பதறவில்லை.

“கை வந்துருச்சுன்னா இன்னொரு கீபோர்டு வாங்கிக்கலாமுங்க்கா. கை வராம இதை வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?”

நியாயம்தானே? உடனே களத்தில் குதித்தேன். பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் போட, நான்கு கோணத்தில் படம் எடுத்தேன். பிறகு... எழுதினேன். ‘பக்கவாதத்தால் வலது கை செயலிழந்த இசைக் கலைஞர், சிகிச்சைக்காகத் தன் உயிரான கீபோர்டை விற்கிறார். மிக அவசரம்.’ கூடவே போன் நம்பர். எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. என்ன ஒரு உருக்கம்! என்ன ஒரு நடை!

இப்போது யோசித்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. இந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், பணத் தட்டுப்பாடு இருக்கிறது, அவசரத்தில் இருக்கிறார்கள் — திருடனுக்கு வேண்டிய மூன்று தகவலையும் இலக்கியமாக எழுதி, நம்பரோடு ஊர் நடுவில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். கீபோர்டை விற்க கீபோர்டைப் பற்றி எழுதினால் போதாதா?

மறுநாள் புதன்கிழமை. பதினொன்றேகாலுக்கு செல்வராஜ் போனில் அழைப்பு வந்தபோது நானும் மாடியில்தான் இருந்தேன். மல்லிகா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க, கீபோர்டு விளம்பரம் பார்த்தேனுங்க. நான் பல்லடத்துல இருந்து பேசறேனுங்க. தறி ஓட்டறமுங்க. என்ற பொண்ணு கேட்டுட்டே இருக்கறாளுங்க...”

எவ்வளவு மரியாதை! வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’. நாங்கள் முப்பத்து நாலாயிரம் சொன்னோம். முப்பத்திரண்டாயிரத்துக்கு முடித்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பணத்தை மட்டும் இப்போதே அனுப்பிவிடுகிறானாம். ஏன் இப்போதே?

“இன்னைக்கு புதன்கிழமைங்க்கா. பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துருமுங்க. நல்ல காரியத்துக்குக் குடுக்கற பணம், அதுக்குள்ள குடுத்துபோட்டா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதிங்க.”

மல்லிகா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். எங்கள் ஊரில் இது ஒரு நற்சான்றிதழ். ராகு காலம் பார்க்கிறவன், பொண்ணுக்காகக் கீபோர்டு வாங்குகிறவன், பல்லடத்துத் தறிக்காரன்... இவனைச் சந்தேகப்பட்டால் நாக்கு அழுகிவிடாதா? “நல்ல குடும்பத்துப் பையன் மாதிரி தெரியுது மல்லிகா” என்று நானே திருவாய் மலர்ந்தேன்.

சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த செல்வராஜ்.

“ஏங்க்கா... ஒரு கீயாவது வேலை செய்யுதான்னு கேக்கலீங்களே அவன்? எந்த மாடல்னுகூடக் கேக்கலீங்க.”

பல வருடம் வாத்தியத்தோடு வாழ்ந்தவர் கேட்ட கேள்வி. “பொண்ணுக்கு வாங்கறவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?” என்று அதை நான்தான் அமுக்கினேன். அந்த நேரம் பார்த்து கீழே கேஸ் சிலிண்டர் வந்து மணியடித்தது. இறங்கிப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை மல்லிகா சொல்லித்தான் தெரியும். முதலில் ஒரு ரூபாய் அனுப்பினான். வந்தது. நம்பிக்கை. அடுத்து ஒரு க்யூஆர் கோட் அனுப்பினான். பெரிய தொகையாம், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால்தான் உள்ளே ஏறுமாம். செல்வராஜுக்கு விரல் ஓடாது என்பதால் மல்லிகாதான் போட்டாள். முப்பத்திரண்டாயிரம் வரவில்லை, போனது. “ஐயோ, மாறிப் போயிருச்சுங்க்கா! பதறாதீங்க. இன்னொண்ணு அனுப்பறேன், அதை ஸ்கேன் பண்ணுனா ரெண்டும் சேர்ந்து திரும்பி வந்துருமுங்க. சீக்கிரமுங்க்கா, பன்னெண்டுக்கு இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்குதுங்க!”

அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஆறு நிமிஷம்தான் இருந்தது. போட்டாள்.

இன்னொரு முப்பத்திரண்டாயிரம். சிகிச்சைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அத்தனையும். அதோடு அவன் போன் அணைந்துவிட்டது.

பணம் வாங்குகிறவனுக்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் என்பது நம் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுப்பதற்கு மட்டும். இது எனக்குத் தெரியும். மல்லிகாவுக்குக்கூடத் தெரியும். பால்காரருக்கு அவள் தினமும் அப்படித்தானே அனுப்புகிறாள்? தெரிந்தது எல்லாம் அந்த ஆறு நிமிஷத்தில் எங்கே போகும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லா ஊரிலும் நடப்பது. இனிமேல் சொல்லப்போவது எங்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. இதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான்.

பன்னிரண்டு பத்துக்கு மல்லிகா கீழே வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் நான் போனை எடுத்தேன். வங்கிக்கும் சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். உதவி எண்ணில் இரண்டு இலக்கம் அழுத்தியும்விட்டேன். அப்போது மல்லிகா என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ராகு காலம் ஆரம்பிச்சுருச்சுங்க. இப்ப எதைத் தொட்டாலும் வெளங்காதுங்க. ஏற்கெனவே எல்லாம் போயிருச்சு... இதாவது நல்ல நேரத்துல பண்ணலாமுங்க்கா. ஒன்றரைக்குச் சொல்லலாமுங்க.”

நான் யார்? ராகு காலத்தை இந்தப் பக்கத்திலேயே நாலைந்து முறை கிண்டல் செய்தவள். படித்தவள், உலகம் தெரிந்தவள் என்று மல்லிகா நம்புகிறவள். “பைத்தியக்காரி, கையை எடு” என்று ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அழுகிறவளிடம் அதட்ட வாய் வரவில்லை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கும் உள்ளுக்குள் பயமாக இருந்தது. எதுக்கு வம்பு, ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றியது. கிண்டல் செய்தவள்தான், ஆனால் கார் டெலிவரி எடுத்த அன்று நேரம் பார்த்தவளும் நான்தான்.

போனை வைத்துவிட்டேன். “சரி கண்ணு, ஒன்றரை ஆகட்டும்” என்றேன். ரசம் வைத்து, செல்வராஜையும் கீழே கூப்பிட்டு, மூன்று பேருக்கும் சாதம் போட்டேன். யாரும் சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒன்று முப்பத்தொன்றுக்கு, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மல்லிகா போனை என் கையில் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இளம் வயது அதிகாரி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பொறுமையாகப் பேசினார்.

“ஏனுங்கம்மா, பணம் போனது பதினொன்னு அம்பத்தஞ்சுக்குள்ளங்க. நீங்க சொன்னது ஒன்றரைக்கு மேல. அந்தப் பணம் ஒரு மணி பத்து வரைக்கும் அதே அக்கவுண்ட்லயேதானுங்க கெடந்துருக்கு. ஒன்னு பதினொன்னுக்கு எடுத்துருக்கறாங்க. முன்னாடியே ஒரு போன் பண்ணியிருந்தா நிறுத்திருக்கலாமுங்களே... அவ்வளவு நேரம் என்னங்க பண்ணுனீங்க?”

என்னவென்று சொல்வது? அறுபத்து நாலாயிரம் ரூபாய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் கிடந்தது. ஒரு போன் தூரத்தில். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

அவன் திட்டம் போட்டுத்தான் பன்னிரண்டுக்கு முன்னால் முடித்தானா? அதன்பின் ஒன்றரை மணி நேரம் இந்த ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியுமா? தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவன் எங்களை எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறான்.

பிசியோதெரபி செலவை நான் கொடுக்கிறேன் என்றேன். செல்வராஜ் ஒப்பவில்லை. நான் சண்டை போட்டு அழுதபின், கடைசியில் வாரம் ஒரு நாளுக்கு மட்டும் சம்மதித்தார். ஐந்து நாள் ஒரு நாள் ஆகிவிட்டது. மற்ற நாளில் அங்கே பார்த்ததை நினைவு வைத்து மல்லிகாவே விரல்களை நீவி மடக்கிவிடுகிறாள். அசைந்த இரண்டு விரல் இப்போதும் அவ்வளவுதான் அசைகிறது. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்.

கீபோர்டு போன வாரம் விற்றுவிட்டது. இம்முறை விளம்பரத்தில் மாடல், வயது, விலை மட்டும் போட்டேன். மதுக்கரையிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். ஒவ்வொரு கீயாக அமுக்கிப் பார்த்தார். செல்வராஜ் முகம் மலர்ந்து, “இவர்தானுங்க வாங்கறவரு” என்றார். எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை தொட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டு, இடது கையால் இரண்டு வரி வாசித்தார். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தோராயிரம், ரொக்கம். இனி எத்தனை நாளுக்குப் போதுமோ, மறுபடி தினமும் போக ஆரம்பித்திருக்கிறார்கள். இழந்த வாரங்களை யார் கொடுப்பார்கள்?

அவர் வந்ததும் ஒரு புதன்கிழமைதான். பணத்தை நீட்டியபோது மணி பன்னிரண்டரை. நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வண்டி போனபின் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, நேத்து காலண்டர்ல பார்த்தேனுங்க. இவரு உழுந்தாரே அந்த வெள்ளிக்கிழமை... பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகு காலமுங்க. நாம பதினோரு மணிக்கு ஆட்டோவுல தூக்கிப் போட்டுட்டு ஓடுனோமுங்க. அன்னைக்கு யாருங்க்கா நேரம் பார்த்தா?”

உங்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் எழுதுங்கள் — நேரம் பார்க்காமல்.