கருப்பாயி வைத்த கைநாட்டு

மலாயாவில், ஜோகூரின் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிக் கால்மணி நேரம் நடந்தால் காளியப்பனின் மூன்று ஏக்கர் ரப்பர் வரும். வழி கேட்கத் தேவையில்லை. தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலேயே வாய் ஓயாத மனிதர். சொந்தமாக நிலம் வாங்கிய பிறகு கேட்கவா வேண்டும்? ஆளுக்கு முன்னால் குரல் வந்துவிடும்.

அவரோடு பதினெட்டு வருஷமாக இருந்தவள் கருப்பாயி. காட்டை வெட்டியதில் பாதி அவள். கன்று நட்டதில் பாதிக்கு மேல் அவள். தாலி மட்டும் கட்டவில்லை. தை வரட்டும், ஆவணி வரட்டும் என்று தள்ளிப்போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். வெளியாட்களிடம் அவளை "நம்ம வீட்டுல சமைக்கிற புள்ள" என்பார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

பிள்ளை குட்டி இல்லை. கூலாய்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்த அவர் தம்பி செல்லப்பன், தீபாவளிக்கு வரும்போதெல்லாம் பலகாரத்தைத் தின்றுகொண்டே நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவான். "அண்ணனுக்கு அப்புறம் நாந்தானே பாத்துக்கணும்" என்று வேறு சொல்வான். 1926இல் காளியப்பனை மலேரியாக் காய்ச்சல் பத்து நாள் புரட்டி எடுத்தது. எழுந்து உட்கார்ந்ததும் கஞ்சி கூடக் கேட்கவில்லை. உயில் எழுத வேண்டும் என்றார்.

எழுதியவர் கடைக்காரர் சதாசிவம். ஊருக்குக் கடிதம், துரைக்கு மனு எல்லாம் அவர் கைதான். நிலமும் வீடும் கருப்பாயிக்கு என்று எழுதியாயிற்று. இரண்டு சாட்சி வேண்டும். தாம் ஒருவர், இன்னொருவருக்குப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று சதாசிவம் எழுந்தார். காளியப்பன் விடவில்லை.

"அவரு எதுக்குங்க? கருப்பாயியே வைக்கட்டும். பரிசத் தட்டப் பொண்ணு வீட்டுல கை நீட்டி வாங்கலன்னா பரிசம் செல்லுமா? வாங்குறவ கை வைக்காம, கொடுத்தது எப்படிச் சேரும்?"

சதாசிவத்துக்கும் அது நியாயமாகவே பட்டது. கருப்பாயி கட்டைவிரலில் மை தடவி அழுத்தினாள். காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுதானே? மடியில் செருகிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார் மனிதர். அந்த வீண் பெருமைதான் அவளைக் காப்பாற்றியது.

ஸ்டேஷன் மாஸ்டர் அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் கடைசி எழுத்துவரை படிப்பவர். தம்பி ஜோகூர் பாருவில் வக்கீல் குமாஸ்தா என்பதால் சட்டமும் கொஞ்சம் தெரியும்.

"காளியப்பன், இந்த உயிலால அவவுக்கு ஒண்டும் கிடையாது" என்றார்.

"அலமாக்! என்னங்க ஐயா, பேரு இருக்கு, கைநாட்டு இருக்கு!"

"அந்தக் கைநாட்டுத்தான் பிழை. சொத்து வாங்கிற ஆளே சாட்சியாக் கை வைச்சா, அந்த ஆளுக்கு எழுதினது செல்லாது. நீர் கண்ணை மூடினா எல்லாம் உம்மட தம்பிக்கு. அவ மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

காளியப்பன் வாயடைத்து நின்றதை ஊர் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாளே காளியப்பன், கருப்பாயி, அம்பிகைபாகன் மூவரும் ஜோகூர் பாருவுக்கு ரயிலேறினார்கள். அவள் மிரட்டி எழுதி வாங்கினாள் என்று பிற்பாடு யாரும் கிளம்பக்கூடாது என்பதால், வக்கீல் முதல் வேலையாகக் கருப்பாயியை வெளியே அனுப்பினார். "சொத்து எனக்காம், என்னையே வெளிய தள்ளுறாங்க" என்று அவள் வராந்தாவில் உட்கார்ந்து பொருமினாள். உள்ளே வக்கீல் கேட்கக் கேட்கக் காளியப்பன் சொன்னார். சாட்சிக்கு அலுவலக ஆட்கள் இருவர் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்தவரிடம் கருப்பாயி, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"என்னென்னமோ கேட்டாங்க. வா, பசிக்குது."

மூன்று வருஷம் கழித்துக் காளியப்பன் போய்விட்டார். கருமாதி முடிந்த கையோடு செல்லப்பன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். பழைய உயிலின் கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது. "நீ கை வச்ச காகிதம் செல்லாது. மரியாதையா வீட்ட விடு" என்றான். கருப்பாயி அம்பிகைபாகனுக்கு ஆள் அனுப்பினாள்.

அவர் தம்மிடம் பத்திரமாக இருந்த புது உயிலோடு வந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வரிவரியாகச் சொன்னார். செல்லப்பன் காகிதத்தை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எங்கேயும் அவள் கைநாட்டு இல்லை. கூட்டி வந்தவர்கள் அவனுக்கு முன்னால் படியிறங்கினார்கள்.

நிலம் நிலைத்தது, வீடு நிலைத்தது. கருப்பாயி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஐயா, என் பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொருக்காச் சொல்லுங்க."

"பதினெட்டு வருஷமாக என்னோடு பாடுபட்ட என் மனைவி கருப்பாயிக்கு."

"அத வக்கீல் போட்டாரா, அவரே சொன்னாரா?"

"அவரேதான் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்."

பதினாறு நாளும் அழாமல், வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், அப்போதுதான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"வெளிய வந்து எங்கிட்டயும் ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல, அந்த மனுசன்."