இதுர்ராவின் சாவி வளையம்

உபால்தினா கார்கமோ முப்பத்தொரு வருஷம் எங்கள் மலையில் ஆளேற்றும் விஞ்ச் வண்டியில் டிக்கெட் கிழித்தவள். பாதிரியார் வந்தாலும் காசு வாங்கிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். சந்தையில் ஒரு கிலோ சிப்பிக்கு நாலு தடவை பேரம் பேசுவாள். படிந்த விலையை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. வாரம் இரண்டு நாள் அவளுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பேன்.

விஞ்ச் நின்று இரண்டு வருஷமாகிறது. அவள் வீட்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு படி. முட்டி தேய்ந்துவிட்டது. கியோத்தா ஊரில் அவள் தங்கை வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் இரண்டு அறை விலைக்கு வந்தது. மழைக்காலம் வரை காத்திருப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். அதற்குள் இந்த மலை வீட்டை விற்றாக வேண்டும்.

முதலில் வந்த தரகர் மெலானியா ஓயார்சோ என்ற பெண். மூச்சு வாங்க ஏறி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். நூற்றுக்கு இரண்டு கமிஷன் கேட்டாள்.

"ரெண்டா? வீட்ட விக்கிறியா, என்னையும் சேத்து விக்கிறியா?"

"உங்கள விக்கிறதுன்னா பத்து கேப்பேன், செஞோரா. ஆளக் கூட்டிக்கிட்டு இந்தப் படியில முப்பது தடவ ஏறணும். அதுக்குத்தான் காசு. கொறைக்க முடியாது."

"அப்ப எறங்கும்போது பாத்து எறங்கு."

அந்த வாரம் வியாழக்கிழமையே இன்னொரு தரகன், கஸ்தோன் இதுர்ரா, வந்தான். அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொல்லைப்புறத்தில் நின்று, கடலையும் வரிசையாகக் கீழே இறங்கும் கூரைகளையும் பார்த்தான். துணி தேய்க்கிறவளை யாரும் கவனிப்பதில்லை. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு குடுக்க மாட்டேன்" என்றாள் உபால்தினா.

"ஒண்ணரை, செஞோரா?"

"ஒண்ணு."

"சரி."

அவ்வளவுதான். அடுத்த பேச்சுக்குத் தயாராகத் திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஒரு வருஷத்துக்கு வேறு யார் மூலமும் விற்கக் கூடாது, தானாகவும் விற்கக் கூடாது என்று அவன் நீட்டிய ஒப்பந்தத் தாளில் இருந்தது. பேனாவுக்காக அவன் பையைத் துழாவினான். ஒரு சாவி வளையம் மேஜையில் விழுந்தது. ஒவ்வொரு சாவியிலும் நீல அட்டை: ஒன்பது, பதிமூன்று, பதினேழு, இருபத்தொன்று. எல்லாம் எங்கள் படிக்கட்டு வீடுகள். நாலு கதவிலும் அவனுடைய பச்சை 'விற்பனைக்கு' பலகை பூசணம் பிடித்துத் தொங்குகிறது. அந்த வீடுகளைப் பார்க்க ஒருவர்கூட ஏறி வந்து நான் கண்டதில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்நிய ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழாது. உபால்தினா கையெழுத்துப் போட்டாள். இருபத்தைந்தாம் எண் சாவியும் வளையத்தில் ஏறியது.

அவன் இறங்கிப் போன பிறகுதான் சொன்னேன்.

"அதுக்கென்ன? எல்லாரும் அவன நம்புறாங்க. நீ இஸ்திரியப் பாரு பொண்ணே, காலர் கருகுது."

மார்ச் போனது, ஏப்ரல் போனது. ஒருவரும் ஏறி வரவில்லை. போன் செய்தால், "சந்தை மந்தம், செஞோரா" என்பான். ஒரு நாள் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி தாங்களாகவே வந்து, வீடு பிடித்திருக்கிறது என்றார்கள். ஒப்பந்தத்துக்குப் பயந்து அவள் அவர்களை அவனிடம் அனுப்பினாள். அடுத்த வாரம் ரொட்டிக் கடையில் அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "அந்த வீடு வித்துப்போச்சாமே?"

ஓடிப்போய்ச் சொன்னேன். உபால்தினா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கியோத்தா வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை, முதல் மழையில், இதுர்ரா வந்தான். கட்டடக் கம்பெனி ஒன்று வாங்குகிறதாம். பாதி விலை. கீழே இருக்கும் நாலு வீட்டுக்காரர்களும் ஒப்புக்கொண்டார்களாம்.

"வந்தவங்ககிட்ட வித்துப்போச்சுன்னு சொன்னவன்தானே நீ?"

"சொன்ன ஆள் யாரோ, செஞோரா. வெள்ளிக்கிழமை தாண்டிட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

வெள்ளிக்கிழமை விஷயத்தை நாங்கள் அவனிடம் சொல்லவே இல்லை.

 பேரம் பழகின வாய், உபால்தினா சொன்னாள்: "கமிஷன் அரைதான் தருவேன்."

"கமிஷனே வேணாம். ஒரு பெசோகூட வேணாம்."

அவளிடம் பேரம் தீர்ந்துபோனதை அன்றுதான் பார்த்தேன். முட்டியைத் தடவிக்கொண்டே பேனாவுக்குக் கை நீட்டினாள்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இதுர்ரா எழுந்தான். வாசலில் நின்று, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"உங்களுது இருபத்தொன்பதுதானே, செஞோரா?"