நின்றபடி எடுத்த அளவு

போன வாரம் சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்குப் போயிருந்தேன். ஆபீஸ் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவெடுக்கிற வேலை. திருச்சானூர் லாட்ஜுகளில் ஆரம்பித்து இப்போது இதுதான் என் பிழைப்பு. ஜன்னல் எழுந்து உட்காராது, அதனால் அளவு தப்புவதில்லை. டேப்பைச் சுருட்டும்போது யாரோ குளிர் அறைக் கதவைத் திறந்தார்கள். தோத்தாபுரி மாம்பழ வாசனையும் சில்லிப்பும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

அதே அறைதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கேதான் ராணுவ விமானிகளின் உடுப்பைச் சோதித்துப் பார்த்தோம். சிரிக்காதீர்கள். பனிமலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களுக்குக் குளிர் உடை வடிவமைக்க, திருப்பதியில் நான் வேலை பார்த்த சின்னத் தையல் கம்பெனிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாதிரிக்குக் கோட்டும் கால்சட்டையுமாக மூன்று ஜோடி. வடிவமைப்பாளன் நான், ஃப்ரிட்ஜுக்குள் தவிர வேறெங்கும் பனி பார்த்திராதவன். கம்பெனி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் மூடுவிழாதான்.

தைத்தவள் கஸ்தூரி, பாலசமுத்திரத்துக்காரி. அவள் வீட்டில் கூலி வேலையை விட்டு மெஷினில் உட்கார்ந்த முதல் ஆள். "இது ஓகே ஆச்சுன்னா மறுபடி கரும்பு வெட்டப் போவ வேணாம், இல்ல சார்?" என்று நாளைக்கு நாலு தரம் கேட்பாள். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டுவேன்.

உடுப்பைப் போட்டுக்கொண்டு அவளே விமானியும் ஆனாள். மாம்பழக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, துடைப்பக்கட்டையை முன்னால் பிடித்தபடி, குளிர் அறைக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தாள். வெளியே வந்ததும் சொன்னாள்: "கைய நீட்டிக்கினு ஒக்காந்தா கோட்டு மேல ஏறிக்குது சார். இடுப்பாண்ட காத்து பூந்துகினே கீது. ஒக்காந்துகினு ஓட்றவனுக்கு இன்னாத்துக்கு நிக்க வெச்சு அளவு எடுத்தீங்க?"

நியாயமான கேள்வி. எனக்குத்தான் படித்தவன் என்ற திமிர். "உன் உடம்புக்கு அளவு சேரல, அதான்" என்றேன். முதலாளிக்கும் அவசரம். "டைம் லேதுப்பா, அனுப்பிடு" என்றுவிட்டார்.

மூன்று ஜோடியும் திரும்பி வந்தன, கூடவே ஒரு கடிதமும். கஸ்தூரி சொன்னதையே இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள். இன்னொரு வாய்ப்புக் கேட்டோம், பதிலே இல்லை. நான் ஒரு ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் புதிதாக அளவெடுத்து, பேப்பரில் வெட்டியும் முடித்தேன். அதைத் தைக்கத்தான் மெஷின் இல்லாமல் போயிற்று. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றபோது குளிர் அறையிலிருந்து வெளியே வந்தவள் கஸ்தூரி. உறைந்த பழத்துண்டு பாக்கெட்டுகளை அடுக்குகிற வேலையாம், ஆறு வருஷமாக. உடம்பில் ஒரு நைந்த ஸ்வெட்டர். கையை நீட்டும்போது அது மேலே ஏறும் போல. இடுப்பைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"நல்லா கீறீங்களா சார்?" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலை. "அந்த மூணு கோட்டு இன்னா ஆச்சு சார்? ஒண்ணு இருந்தா குடுங்களேன். இடுப்பாண்ட நானே ஒட்டுப் போட்டுக்கிறேன்."

கம்பெனியை மூடிய அன்றே அவற்றை எடைக்குப் போட்டாயிற்று. போட்டவன் நான்தான்.

"பாக்கறேம்மா" என்றேன். அவள் துண்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.