சிவப்பு நூலில் தைத்த தெறி

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இடையில் ஏதாவது மறந்துபோனால் குறை நினைக்க வேண்டாம். பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போய் வேறு வேலை பார்க்கிறவள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை.

தொண்ணூற்றாறாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கடுத்த மாரி. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து பார்க்டேலில் ஓர் அறைக்குள் நெருக்கியடித்து இருந்த நாங்கள், மார்க்கம் என்கிற இடத்தில் புது வீட்டுக்குப் போனோம். நாங்கள் என்றால் மகள் வசந்தி, மருமகன் சிவநேசன், பத்து மாதப் பேத்தி துளசி, நான். ஊருக்கெல்லாம் வீட்டுப் படம் அனுப்பினோம். குடிபோன பிறகுதான் பார்த்தேன், அந்தத் தெரு முழுக்க ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டி வைத்திருந்தார்கள். மண்ணிறக் கதவு, பக்கத்தில் கார் விடுகிற கராச், மேலே இரண்டு ஜன்னல். மகளும் மருமகனும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வருவார்கள், அந்த ஜன்னலால் வெளியே பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

எங்கள் வாசல் தெரியட்டும் என்று நிலையில் மூன்று குறி திருநீறு பூசினேன். மருமகன் அன்றைக்கே துடைத்துவிட்டார்.

"மாமி, இந்த றோட்டில எல்லாற்றை வாசலும் ஒரே மாதிரி இருக்கு. எங்கடையில மட்டும் உது என்னத்துக்கு? வெள்ளையள் என்ன நினைப்பினம்?"

"நான் வீடு மாறிப் போயிடுவன் தம்பி."

"உங்களை ஆர் வெளியில போகச் சொன்னது?" என்று சிரித்தார். நல்ல பிள்ளைதான். குளிர் கோட்டில் வாசம் பிடிக்குமென்று கறித்தூள் வறுக்கிறதைக்கூட கராசுக்குள் வைத்துவிட்டார்.

ஒரு நாள் பின்நேரம் பிள்ளை மேலே நித்திரை. நான் கராசில் கரண்ட் அடுப்பை மெல்லிய சூட்டில் வைத்து மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். தபால் வான் போகிற சத்தம் கேட்டது. ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து போன என் மகனிடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. எங்கள் தெருவில் கடிதம் வீட்டுக்கு வராது, தெரு முடிவில் உள்ள பெட்டியில்தான் போடுவார்கள். இரண்டு நிமிஷம்தானே என்று நீலச் சுவெற்றருக்கு மேலே கோட்டைப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சுவெற்றரில் மூன்றாவது தெறி, அதுதான் பொத்தான், கழன்றபோது நீல நூல் கிடைக்காமல் சிவப்பு நூலில் தைத்திருந்தேன். இதை நினைவில் வைத்திருங்கள்.

பெட்டிக்குள் விளம்பரத் தாள்கள்தான். திரும்பினால் காற்றோடு ஸ்னோ அடித்து வீட்டு எண்களை எல்லாம் மூடிவிட்டது. எங்கள் வீடு என்று நினைத்து ஒரு கதவில் சாவியைப் போட்டேன், திரும்பவில்லை, உள்ளே நாய் குரைத்தது. இன்னொன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்ததும் திரையை இழுத்து மூடினாள். எனக்கு இங்கிலீசில் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்பதைத் தவிர ஒரு சொல்லும் வராது. பிள்ளை தனிய, அடுப்பு எரிகிறது. எத்தனை வாசலில் நின்றேனோ தெரியாது, கால் விறைத்துப் போயிற்று.

அப்போது மல்லி வறுபடுகிற வாசம் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். வாசல் நிலையில் மூன்று குறி திருநீறு. என் வீடு என்று கதவைத் தள்ளினேன், திறந்தது. உள்ளே கால் வைத்த பிறகுதான் என் திருநீற்றைத் துடைத்துவிட்டார்களே என்ற நினைப்பு வந்தது.

கராசுக்குப் போகிற கதவு திறந்திருந்தது. என் உயரத்தில் ஒரு மனிசி முதுகைக் காட்டிக்கொண்டு தாச்சியில் கிண்டிக்கொண்டு நின்றாள். நீலச் சுவெற்றர். திரும்பவே இல்லை.

"நிக்காதை. பிள்ளை தனிய. வலப்பக்கம் மூண்டாவது கதவு."

ஊருக்கு அனுப்ப ஒரு தரம் கசெற்றில் பேசி, என் குரலை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் குரல்தான்.

மூன்றாவது கதவில் சாவி திரும்பியது. அடுப்பு அணைந்திருந்தது. மல்லி பதமாக வறுபட்டுப் பேப்பரில் பரவியிருந்தது. மேலே ஓடினேன். துளசி நல்ல நித்திரை. அவளை ஒரு நீலச் சுவெற்றரால் போர்த்தியிருந்தது. என்னுடையது என் உடம்பில் இருந்தது. இரண்டிலும் மூன்றாவது தெறி சிவப்பு நூல்.

அடுத்த நாள் மருமகன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டைப் பார்த்தார். அது இன்னும் விற்காத வீடு, ஸ்னோவுக்குள் விற்பனைப் பலகை நட்டிருந்தது. ஜன்னலால் பார்த்தோம், உள்ளே ஒன்றுமில்லை. நிலையிலும் திருநீறு இல்லை.

"மாமி, குளிர் உங்கட மண்டைக்குள்ள போயிட்டுது" என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு சுவெற்றரையும் மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. அன்று பின்நேரம் நான் திரும்பவும் வாசலில் திருநீறு பூசினேன். பார்த்துக்கொண்டு நின்றார், துடைக்கவில்லை.

வசந்தி தெரியாமல் இரண்டையும் ஒன்றாகத் தோய்த்துவிட்டாள். அதனால் எது என்னுடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குளிருக்கு ஒன்றை எடுத்துப் போடுகிறபோது, யாருடையதைப் போடுகிறேன் என்று கை ஒரு முறை நின்றுதான் போகும்.

ஆண்டு பிழையாக இருக்கலாம், வசந்தி வாசித்துத் திருத்தட்டும். அது மூன்றாவது கதவா நான்காவதா என்பதிலும் இப்போது எனக்குச் சந்தேகம். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ஒருக்கால் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.