கீழ யாரு?

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊரில் வாய்க்கால் கரைப் புளியமரத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள், நான் அந்த மரத்தடியில்தான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பேன். படித்ததும் மண் வேதியியல். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

முதலில் எங்கள் தோப்பு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. எங்களுக்குச் சின்னத் தென்னந்தோப்பு. அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் தோப்பை அம்மாதான் பார்க்கிறார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து மரம் ஏறிக் காய் வெட்டுகிறவர் வீரையன் அண்ணன். குலையில் அரிவாளை வைத்ததும் மேலிருந்து "கீழ யாரு?" என்று குரல் கொடுப்பார். காய் பொறுக்க நிற்கிறவர்கள் எட்டப் போய் நின்றுகொண்டு, எத்தனை பேர் என்று சொல்லி, தள்ளி நின்றுவிட்டோம் என்று பதில் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் வராமல் அவர் வெட்டவே மாட்டார். பதில் சொல்லும்போது அண்ணாந்து பார்க்கவும் கூடாது, பாளைத் தூசி கண்ணில் விழும். தள்ளி நிற்காமலே நின்றுவிட்டதாகச் சொல்வது எங்கள் தோப்பில் மன்னிப்பே இல்லாத பொய். சின்ன வயதில் லீவு நாளெல்லாம் நான்தான் பதில் சொல்லும் ஆள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஜெர்மனியில் மேற்படிப்புக்குப் போன இடத்தில் நசீமா கிடைத்தாள். முத்துப்பேட்டைக்காரி. இங்கே இருந்தவரை ஒருவரையொருவர் தெரியாது, அங்கே போய் ஒரே அறையில் ஒரே குக்கரில் சமைத்தோம். டிசம்பர் விடுமுறையில் பஸ் பிடித்துப் பிராக் நகரத்துக்குப் போய்வரலாம் என்று நான்தான் கிளப்பினேன். அவளுடைய அத்தா துபாயில், வீட்டில் உம்மா மட்டும், அவர்களுக்கு ஒரே பெண். வீடியோ காலில் உம்மா நசீமாவிடம் பேசவே இல்லை, என்னைத்தான் கூப்பிட்டார்.

"ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரணும். அவ பராக்குப் பாத்துக்கிட்டே நிப்பா, நீதான் பாத்துக்கணும்."

"நான் பொறுப்பும்மா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது பெரிய சொல்லாகத் தெரியவில்லை.

பிராக் அழகான ஊர், அதை மறுக்க முடியாது. கல் பாவிய தெருக்கள், கோபுரம் கோபுரமாக வானம், ஆற்றின் மேல் சிலைகள் வைத்த பழைய பாலம். நசீமாவுக்கு மட்டும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கோட்டைக்குப் படியேறும்போதெல்லாம் "இத்தன படி ஏறிப் பாத்தா மேல இன்னொரு படி இருக்குடி" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ஆனால் எந்த ஜன்னலைக் கண்டாலும் நின்றுவிடுவாள். உம்மா சொன்னது சரிதான்.

கிளம்புகிற நாள் காலையில் நல்ல வெயில் அடித்தது. அதற்கு முன் ஓயாமல் பனி பெய்திருந்ததால் கூரையெல்லாம் வெள்ளையாகக் கனத்துக் கிடந்தது. ஹாஸ்டல் சமையலறையில் கிளறிய எலுமிச்சை சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஒரு சந்தில் உயரமான பழைய வீட்டு வாசற்படி காய்ந்திருந்ததைப் பார்த்து உட்கார்ந்தோம். சுவரில் நீளக் கம்பு ஒன்று சாத்தியிருந்தது, அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடா அறுந்து தொங்கியது. நம் ஊரில் வெள்ளையடிக்கிறவர்கள் கம்பைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவார்களே, அப்படித்தான் நினைத்தோம். கூரையில் பனி கட்டியிருக்கிறது, இங்கே நிற்காதே என்பதற்குத்தான் அந்த ஊரில் கம்பு சாத்துவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

நசீமா டப்பாவைப் படியில் வைத்துவிட்டு எதிர் வீட்டுக் கதவைப் படமெடுக்க எழுந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது.

"கீழ யாரு?"

நம்பினால் நம்புங்கள், அது வீரையன் அண்ணன் குரல். அவரைப் போன்ற ஒரு குரல் என்று நான் சொல்லவில்லை, அவரேதான், கடைசி எழுத்தை இழுக்கிற அதே இழுப்பு. பயப்படவோ, இது எந்த ஊர் என்று யோசிக்கவோ எனக்கு நேரமே இல்லை. பழகிய உடம்பு தானாக நகர்ந்தது. நசீமாவின் கோட்டுக் கையைப் பிடித்துத் தெருவின் அந்தப் பக்கம்வரை இழுத்துக்கொண்டு போய் நின்று, அண்ணாந்து பார்க்காமல், சந்தே அதிர "ரெண்டு பேருண்ணே, தள்ளி நின்னுட்டோம்" என்று கத்தினேன்.

"யாருக்குடி பதில் சொல்ற?" என்றாள் நசீமா. அவளுக்கு என் சத்தத்தைத் தவிர எதுவுமே கேட்கவில்லையாம். அவள் கேட்டு முடித்தாளோ இல்லையோ, கூரை விளிம்பிலிருந்து பனிப்பாளம் மொத்தமாகச் சரிந்து நாங்கள் நின்ற இடத்தில் விழுந்தது. பாறை விழுந்த சத்தம். யாரோ ஜன்னலைத் திறந்து ஏதோ மொழியில் கத்தினார்கள். கிளறிப் பார்த்தபோது எவர்சில்வர் டப்பா அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. அந்த டப்பாவைப் பார்த்ததும் உம்மா முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கேயே நசீமாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன், காரணம் சொல்லாமல் அதிலும் அழுதுவிட்டு வைத்தேன்.

அடுத்த விடுமுறைக்குத்தான் ஊருக்கு வந்தேன். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தோப்பில் வீரையன் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும், சிரிக்கக் கூடாது. மார்கழில ஒரு நாளு மத்தியானம் அம்மா தண்ணி குடிக்க வீட்டுக்குப் போயிருக்காங்க, எனக்கு அது தெரியாது. கொலையில அருவாள வச்சிட்டு கீழ யாருன்னேன். ரெண்டு பேருண்ணே, தள்ளி நின்னுட்டோம்னு நீ சொல்ற. நல்லாக் கேட்டுச்சு. வெட்டிட்டு எறங்கிப் பாத்தா ஈ காக்கா இல்ல."

"குடிச்சிட்டு மரம் ஏறாதடான்னு நான் வேற திட்டிட்டேன்" என்றார் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ போன் போட்டு ஒண்ணும் சொல்லாம அழுதியே, அன்னைக்குத்தான்" என்றார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வீட்டுக்குப் போய் அண்ணனுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் நசீமாவின் உம்மா வீட்டில் செய்த தம்ரூட்டு இனிப்புத் தட்டோடு முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். "எம்புள்ளயக் குடுத்தீங்க" என்று அவர் அழ, அண்ணன் துண்டைப் பிசைந்துகொண்டு, "எனக்கு பாஸ்போர்ட்டே கெடையாதும்மா" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், எனக்குக் கண்ணீரும் வந்தது. அண்ணன் காலில் விழலாம் போல இருந்தது, விழுந்திருந்தால் ஓடியே போயிருப்பார்.

உம்மாவை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அண்ணன் மெதுவாகக் கேட்டார். "நான் வெட்டுனதாலதான் அங்க விழுந்துச்சா பாப்பா?"

"வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டீங்கல்லண்ணே, அது போதும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

அதிலிருந்து அவர் இரண்டு முறை கேட்கிறார். முதலில் அம்மா பதில் சொல்வார். பிறகு யாரும் இல்லாத பக்கம் திரும்பி இன்னொரு முறை கேட்டு, சத்தமில்லை என்றால்தான் வெட்டுவார். போன மாதம் நான் தோப்பில் இருந்தபோது அப்படிக் கேட்டுவிட்டு, முற்றிய குலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"பதில் வந்துச்சு பாப்பா. என்ன பாஷன்னு தெரியல. தள்ளி நின்னுட்டாங்களா இல்லையான்னு புரியல, அதான் எறங்கிட்டேன்."

அந்தக் குலை இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. யாரும் அடியில் போகாதபடி அம்மா அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்.