பொத்தானின் துணிக் குட்டிகள்

டெய்லர் அக்காவுக்குக் கண்ணே டேப். வாசலில் நிற்கும்போதே இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். இளைத்துவிட்டதாக யார் கதை விட்டாலும் அவளிடம் பலிக்காது. அப்பேர்ப்பட்டவள்தான் தன் காலடியில் கிடந்ததை ஆறு மாதம் கவனிக்காமல் விட்டாள்.

காலடியில் கிடந்தது பொத்தான், அவளுடைய நாய். ஒன்பது வருஷமாகத் தையல் மிஷினுக்குக் கீழேதான் அதன் குடித்தனம். குட்டியாக இருக்கும்போதே கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பின்னால் மார்பில் புற்றுக்கட்டி வருகிற ஆபத்து வெகுவாகக் குறையும் என்று கால்நடை டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று மாமியார் வீட்டில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா?

"எனக்குத்தான் கொடுத்து வைக்கல. அதாவது ஒரு தடவை தாயாகட்டும்" என்று, டாக்டர் பேச்சைக் கேட்கச் சொன்ன வீட்டுக்காரரின் வாயையும் அடைத்துவிட்டாள்.

பொத்தான் தாயாகவே இல்லை. தேடி வந்த மாப்பிள்ளைகளில் ஒன்றுகூட அக்காவுக்குப் பிடிக்காமல், எல்லாவற்றையும் துடைப்பத்தால் விரட்டினாள். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை, குட்டி போட்டதாகவே நினைத்துக்கொண்டு, பொத்தான் வெட்டுத் துணிகளை இழுத்துப்போய் அணைத்தபடி படுக்கும். மடியில் பால்கூடக் கட்டும். சில வாரத்தில் தானாக வடிந்துவிடும். அக்காவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. வெல்வெட் மிச்சமானால், "உன் பொண்ணுக்குடி" என்று கீழே போடுவாள்.

அதனால்தான் இந்தத் தடவை அடிமடியில் பட்டாணி அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டபோதும் பால்தான் என்று இருந்துவிட்டாள். அது வடியவில்லை. எலுமிச்சை அளவுக்குப் பெருத்துப் புண்ணானபிறகு அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். புற்று நுரையீரல் வரை போய்விட்டது, இனி அறுத்துப் பயனில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம் என்றார். பழசை அவர் கிளறவில்லை. அக்காதான் கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னப்பவே செஞ்சிருந்தா?"

"அநேகமா வந்திருக்காதும்மா" என்றார் டாக்டர், மேஜையைப் பார்த்தபடி. "பட்டாணியா இருந்தப்ப வந்திருந்தாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம்."

கூட வந்திருந்த வீட்டுக்காரர் திரும்பும்போது பொத்தானைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. கடைக்கு வந்ததும் பொத்தான் மெல்ல மிஷினுக்கு அடியில் போய், ஒரு வெல்வெட் துண்டை வாயால் இழுத்துப் புண்ணோடு சேர்த்து அணைத்துக்கொண்டது. அக்கா தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவினாள்.

"நீயாடி குட்டி கேட்ட? நான்தானே கேட்டேன்" என்றாள்.